ஒரு பலகை, ஒரு கயிறு, ஒரு கழி

பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள ராணுவ அதிகாரித் தேர்வு வாரியங்களுக்குச் சென்று வந்தவர்கள் யாரையேனும் கேட்டுப் பாருங்கள். எழுதிய தேர்வுகளை மறந்திருப்பார்கள். அந்த மைதானத்தை மறந்திருக்க மாட்டார்கள். எட்டு அல்லது பத்து இளைஞர்கள். கையில் ஒரு மரப்பலகை, ஒரு நீண்ட கழி, ஒரு கயிறு, போதாததற்குச் சுமந்து செல்ல ஒரு கனமான பெட்டி. எதிரே இடைவெளி விட்டு நடப்பட்ட கட்டைகள். தரையைத் தொடாமல் பெட்டியோடு எல்லாரும் அப்பால் போய்ச் சேர வேண்டும். சிவப்புச் சாயம் பூசிய இடத்தில் ஆளும் படக்கூடாது, பொருளும் படக்கூடாது. பலகையின் நீளம் இடைவெளியைவிடச் சற்றே குறைவாக இருக்கும். அது தற்செயல் அல்ல. தலைவர் என்று எவரையும் நியமிப்பதில்லை. ஓரத்தில் நிற்கும் அதிகாரி உதவுவதுமில்லை, கடிந்துகொள்வதுமில்லை. பார்க்கிறார், அவ்வளவுதான்.

இதே பலகையையும் கயிற்றையும் மலைவாசத்தலத்து விடுதிகளிலும் பள்ளிகளின் கோடை முகாம்களிலும் மென்பொருள் நிறுவனங்களின் வாரயிறுதிப் பயணங்களிலும் காணலாம். அங்கே இதற்குத் தலைமைப் பண்புப் பயிற்சி, குழு உணர்வுப் பயிற்சி என்று பெயர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் வரலாற்றைத் தேடிப் போனால் அது இரண்டு வேறு ஊற்றுகளில் கொண்டுபோய் விடுகிறது. இரண்டுமே இரண்டாம் உலகப் போரின் நடுவில் பிரிட்டனில் ஓராண்டுக்குள் தோன்றியவை. ஒன்று 1941-இல் வேல்ஸ் கடற்கரையில், மற்றது 1942-இல் எடின்பரோவில். முதலாவது மனிதனை ஆக்க நினைத்தது. இரண்டாவது மனிதனைப் பார்க்க நினைத்தது. பின்னாளில் இவை ஒன்றோடொன்று கலந்தபோது எதைப் பெற்றோம், எதைத் தொலைத்தோம் என்பதே என் கேள்வி.

தடை தாண்டும் பயிற்சி இவற்றுக்கும் முந்தையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜார்ஜ் எபேர் முதல் உலகப் போருக்கு முன்பே ஓடுதல், ஏறுதல், தாவுதல், சுமத்தல் ஆகியவற்றைக் கோர்த்து ஒரு பயிற்சி முறையை வகுத்தார். ராணுவங்களின் தடைக்களங்களுக்கு அவர் பெயரைச் சொல்வது வழக்கம். வலிமை என்பது பிறருக்குப் பயன்படுவதற்காகவே என்பது அவருடைய கொள்கை. இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்; பின்னால் தேவைப்படும்.

*

கர்ட் ஹான் 1886-இல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் கடும் வெயில் தாக்கி நெடுநாள் படுக்கையில் கிடந்தார். அதன்பின் வெளிச்சம் அவருக்கு ஆகவில்லை. அகன்ற விளிம்புத் தொப்பியோடுதான் வெளியே வருவார். ஆயிரக்கணக்கான சிறுவர்களை மலைக்கும் கடலுக்கும் அனுப்பிய மனிதரால் வெயிலில் நிற்க முடியாது என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

ஜெர்மன் பேரரசின் கடைசிச் சான்சலரான பாடன் இளவரசர் மாக்ஸின் அந்தரங்கச் செயலராக இருந்தார் ஹான். போரில் தோற்ற நாட்டின் அவமானத்தை அருகிலிருந்து பார்த்தவர். 1920-இல் இளவரசரின் சாலெம் கோட்டையில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. பிளேட்டோவின் குடியரசும் ஆங்கிலேய விடுதிப் பள்ளிகளும் சேர்ந்த விநோதக் கலவை அது. எழுத்தாளர் தாமஸ் மன்னின் மகன் கோலோ மன் அங்கே படித்தவர்.

ஹானை ஒரு புரட்சியாளராகக் கற்பனை செய்ய வேண்டாம். பழமைவாதி, தேசியப் பற்றாளர். ஆனால் 1932 ஆகஸ்டில் அவருடைய வாழ்க்கையில் ஒரு கோடு விழுந்தது. சைலீசியாவில் பொட்டெம்பா என்ற சிற்றூரில் நாஜிப் படையினர் கம்யூனிஸ்டுத் தொழிலாளி ஒருவரை அவருடைய தாயின் கண்ணெதிரே மிதித்துக் கொன்றார்கள். மரண தண்டனை பெற்ற கொலைகாரர்களுக்கு ஹிட்லர் ஆதரவுத் தந்தி அனுப்பினார். ஹான் தம் பழைய மாணவர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதினார்: நாஜிப் படைகளில் இருப்பவர்கள் ஒன்று ஹிட்லரோடு உறவை முறித்துக்கொள்ளட்டும், அல்லது சாலெமோடு முறித்துக்கொள்ளட்டும். 1933 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள். பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மக்டொனால்டு போன்றோர் தலையிட்டதால் விடுதலையாகி, அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தார்.

அந்தக் கடிதத்தை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், அதைப் பெற்றவர்களில் நாஜிப் படைகளில் சேர்ந்த முன்னாள் மாணவர்களும் இருந்தார்கள். ஓடவும் ஏறவும் கட்டளையிடவும் கற்றவர்கள் அவர்கள். உடல் வலிமையும் துணிவும் கூட்டாகச் செயல்படும் திறனும் மட்டும் போதுமென்றால் ஹிட்லரின் படைகளில் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. ஹான் பின்னாளில் இக்கால இளைஞர்களின் குறைகளைப் பட்டியலிடும்போது உடல்வலுக் குறைவையும் முனைப்புக் குறைவையும் சொல்லிவிட்டு, எல்லாவற்றிலும் கொடியது இரக்கத்தின் தேய்வு என்று முடிப்பார். அவருடைய பயிற்சித் திட்டத்தின் நான்கு கூறுகளான உடற்பயிற்சி, நெடும்பயணம், சுயமாக மேற்கொள்ளும் ஒரு பணி, மீட்புச் சேவை ஆகியவற்றில் கடைசியே மணிமுடி. 1934-இல் ஸ்காட்லாந்தில் அவர் தொடங்கிய கார்டன்ஸ்டவுன் பள்ளியில் மாணவர்கள் கடலோரக் காவல் குடிலில் இரவுக் கண்காணிப்பு செய்தார்கள். கரையில் விளக்கோடு நிற்கும் பையனுக்கு இருட்டில் எங்கோ ஒரு படகு இருக்கக்கூடும் என்பது விளையாட்டு அல்ல.

*

போர் வந்தபோது கார்டன்ஸ்டவுன் கட்டடங்களை ராணுவம் எடுத்துக்கொண்டது. பள்ளி வேல்ஸுக்கு இடம்பெயர்ந்தது. லிவர்பூலில் ஆல்ஃபிரட் ஹோல்ட் நிறுவனம் புளூ ஃபனல் என்ற பெயரில் கப்பல்களை நடத்திவந்தது. அவற்றுக்கு ஹோமரின் வீரர்களின் பெயர்களைச் சூட்டுவது அவர்களின் மரபு. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் அந்த வீரர்களை ஒவ்வொருவராக அடியில் அனுப்பிக்கொண்டிருந்தன. நிறுவனத்தின் பங்குதாரர் லாரன்ஸ் ஹோல்ட்டைச் சுற்றி இன்றுவரை ஒரு கதை வழங்கிவருகிறது: கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் ஏறியவர்களில் உடல் திடமான இளைஞர்கள் மடிந்தார்களாம், பாய்மரக் காலத்துக் கிழட்டு மாலுமிகள் பிழைத்தார்களாம். நடுக்கடலில் படகை இறக்க நேர்ந்தால், உப்புநீர் முகத்தில் தெறித்தறியாத இளம் தொழில்நுட்பனைவிட எண்பது வயதுப் பாய்மர மாலுமியையே நம்புவேன் என்ற பொருளில் ஹோல்ட் பேசியதாகவும் சொல்வார்கள். எத்தனை படகுகள், எத்தனை பேர் என்ற கணக்கோடு இக்கதை சொல்லப்பட்டு நான் படித்ததில்லை. கணக்கில்லாத கதைகளுக்குத்தான் ஆயுள் அதிகம்.

1941 அக்டோபரில் அபெர்டோவி என்ற சிறு துறைமுகத்தில் ஹானும் ஹோல்ட்டும் சேர்ந்து ஒரு பள்ளியைத் திறந்தார்கள். ஹோல்ட் வைத்த பெயர் அவுட்வர்ட் பவுண்ட்: துறைமுகத்தைவிட்டுப் புறப்பட்டு வெளிக்கடலை நோக்கிப் போகும் கப்பலைக் குறிக்கும் மாலுமிச் சொல். முதல் பொறுப்பாளர் ஜேம்ஸ் ஹோகன். ஒவ்வொரு பயிற்சியும் 26 நாள். கப்பல் நிறுவனத்துப் பையன்கள், தொழிற்சாலைப் பயிற்சியாளர்கள், காவல்துறைப் பயிற்சி இளைஞர்கள், கார்டன்ஸ்டவுன் மாணவர்கள் எல்லாரும் ஒரே குழுக்களில் கலக்கப்பட்டார்கள். வர்க்கம் பேச்சின் உச்சரிப்பிலேயே தெரிந்துவிடும் அந்நாளைய இங்கிலாந்தில் இது சிறு செய்தி அல்ல. படகு வலித்தார்கள், வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு மலைகளைக் கடந்தார்கள், மீட்புப் பயிற்சி பெற்றார்கள். பயிற்சி கடலுக்காக என்பதைவிடக் கடல் வழியாக என்பதே ஹோல்ட்டின் கருத்து. மாலுமி ஆகாதவனுக்கும் கடல் கற்றுத்தரும் என்று பொருள். அழகான எண்ணம்தான். ஆனால் பின்னாளைய வணிகம் முழுவதும் இந்த ஒரு வேற்றுமை உருபில் ஒளிந்திருந்தது. கடல் வழியாக என்றால் மலை வழியாகவும் ஆகலாம், கயிறு வழியாகவும் ஆகலாம், கடைசியில் விடுதியின் புல்தரை வழியாகவும் ஆகலாம் அல்லவா?

*

இரண்டாவது ஊற்றுக்கு வருவோம். 1941 வாக்கில் பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரிப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்டனர். தேர்வு முறை என்ன? மூத்த அதிகாரிகளின் முன்னால் சிறிது நேரப் பேட்டி. எந்தப் பள்ளி, தந்தை என்ன வேலை, என்ன விளையாட்டு. சரியான பள்ளியில் படித்தவனுக்குச் சரியான பதில் தெரியும். நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. ஸ்காட்லாந்துப் படைத் தலைவராயிருந்த ஆண்ட்ரூ தார்ன் முன்பு பெர்லினில் ராணுவத் தூதரகப் பணியில் இருந்தவர். அங்கே உளவியலாளர்களைக் கொண்டு அதிகாரிகளைத் தேர்ந்தெடுப்பதைக் கண்டிருந்தார். எதிரியிடமிருந்து கற்பதில் வெட்கமில்லை. 1942-இல் எடின்பரோவில் சோதனை முயற்சி தொடங்கியது. ராணுவ அதிகாரிகளோடு உளநோய் மருத்துவர்களும் அமர்ந்து சில நாட்கள் தேர்வர்களுடன் தங்கிப் பார்க்கும் வாரியம்.

அந்த மருத்துவர்களில் ஒருவர் வில்ஃபிரட் பயான். இலக்கிய வாசகர்களுக்கு இந்தப் பெயர் வேறொரு வகையில் தெரிந்திருக்கலாம். 1930-களின் நடுவில் லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் சாமுவேல் பெக்கெட்டுக்கு உளப்பகுப்பாய்வு செய்தவர் இவர்தான். 1897-இல் நம் மதுராவில் பிறந்து, எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர். முதல் உலகப் போரில் பீரங்கி வண்டிப் படையில் இருந்து வீர விருது பெற்றவர். கட்டளையிடுவது என்றால் என்ன என்பதை எரியும் இரும்புக்குள் அமர்ந்து அறிந்த மனிதர்.

தலைவரில்லாக் குழுச் சோதனையை வடிவமைத்தவர் பயான். எட்டுப் பேர் அளவில் ஒரு குழு. ஒரு பாலம் கட்டு என்பது போன்ற ஒரு வேலை. தலைவன் யார் என்று சொல்லப்படாது. பாலம் கட்டப்படுகிறதா என்பது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல என்பதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அங்கு வந்திருக்கும் ஒவ்வொருவனும் தனக்காக வந்திருக்கிறான். தான் தேர்வாக வேண்டும். ஆனால் தன் திறமையைக் காட்ட வேண்டுமானால், தனக்குப் போட்டியாளர்களான மற்ற ஏழு பேரோடு ஒத்துழைத்தே ஆகவேண்டும். இந்த இக்கட்டு செயற்கையானது அல்ல, நடிப்பும் அல்ல. அந்த நெருக்கடியில் ஒருவன் தன்னலத்துக்காகப் பக்கத்திலிருப்பவனை மிதித்துத் தாண்டுகிறானா, அவனையும் கணக்கில் வைக்கிறானா என்பதைத்தான் பயான் பார்க்கச் சொன்னார். பலகையும் கயிறும் வெறும் சாக்கு.

இன்னொரு படி மேலே போய், படைப்பிரிவுகளில் சாதாரணச் சிப்பாய்களே அதிகாரி ஆகத் தகுந்தவரை முன்மொழியும் ஒரு முறையையும் பயான் முயன்று பார்த்தார். மேலிடம் அதைத் தொடரவிடவில்லை. ஆளப்படுகிறவன் ஆளுகிறவனைத் தேர்ந்தெடுப்பதா? ராணுவத்தின் அச்சம் புரிந்துகொள்ளக் கூடியதே.

அமெரிக்க உளவுத்துறை இம்முறையை எடுத்து அதற்கு ஒரு குரூரமான திருகலைச் சேர்த்தது. கட்டைகளை இணைத்து ஒரு சட்டகம் அமைக்க வேண்டும், நேரம் பத்து நிமிடம், உதவிக்கு இருவர். கிப்பி, பஸ்டர் என்று பெயரிடப்பட்ட அந்த உதவியாளர்களின் உண்மையான வேலை தடுப்பது. ஒருவன் மந்தமாக நிற்பான், மற்றவன் குறை சொல்லிக்கொண்டே இருப்பான். குறித்த நேரத்துக்குள் எவரும் முடித்ததில்லை. கிப்பியும் பஸ்டரும் போர் முடிந்ததும் ஓய்வு பெற்றுவிட்டார்கள் என்று எவரும் நம்ப வேண்டாம்; எல்லா அலுவலகங்களிலும் இருக்கிறார்கள்.

இந்தியாவுக்கு இம்முறை 1943-இலேயே வந்துவிட்டது. டேராடூனில் சோதனை வாரியம் அமைந்தது. ஆங்கிலேயர் போனபின்னும் மைதானம் நிலைத்தது. 1963-இல் சென்னை பரங்கிமலையில் தொடங்கிய அதிகாரிப் பயிற்சிப் பள்ளி (1988 முதல் அது அகாதெமி) வாயிலில் நுழையும் இளைஞரும், 1992 முதல் நுழையும் இளம்பெண்ணும், இத்தகைய மைதானம் ஒன்றைக் கடந்தே வருகிறார்கள்.

*

போருக்குப் பின் அவுட்வர்ட் பவுண்ட் பரவிய வழித்தடத்தைப் பார்த்தால் சற்று நெருடும். 1950-இல் எஸ்க்டேலில் மலைப் பள்ளி, அது சரி. 1950-களின் முற்பகுதியில் கென்யாவில் கிளிமஞ்சாரோ அடிவாரத்து லோய்டோகிடோக்கில் ஒன்று; மவ் மவ் கிளர்ச்சிக் காலம். 1954-இல் மலாயாவின் லூமுட்டில், பங்கோர் தீவுக்கு எதிரே ஒன்று, அவசரநிலைக் காலம். விலகப்போகும் பேரரசு, தனக்குப்பின் பொறுப்பேற்கப்போகும் உள்ளூர் இளைஞர்களைத் தன் அச்சில் வார்க்கப் பார்த்தது என்று சொன்னால் தவறாகாது. அதற்காக அந்தப் படகுகளில் மலாய், சீன, தமிழ் இளைஞர்கள் தோளோடு தோள் துடுப்பு வலித்ததையும் தள்ளிவிட முடியாது. அதே 1954-இல்தான் போரில் கடற்படையில் பணியாற்றிய பள்ளி ஆசிரியர் வில்லியம் கோல்டிங்கின் 'லார்ட் ஆஃப் த ஃபிளைஸ்' நாவல் வெளிவந்தது. பெரியவர்கள் இல்லாத தீவில் சிறுவர்கள். பயானின் சோதனையை ஓரத்தில் அதிகாரி இல்லாமல் நடத்திப் பார்த்ததுபோல.

அமெரிக்காவில் நிகழ்ந்ததே பெரிய திருப்பம். கார்டன்ஸ்டவுனில் ஓராண்டு ஆசிரியராக இருந்த ஜாஷ் மைனர் போன்றோரின் முயற்சியால் 1962-இல் கொலராடோவில் முதல் பள்ளி திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டே அமைதிப்படைத் தொண்டர்களுக்குப் புவேர்ட்டோ ரிக்கோ காடுகளில் இம்முறையில் பயிற்சி தொடங்கிவிட்டது. ஆனால் எல்லாப் பிள்ளைகளையும் இருபத்தாறு நாள் மலைக்கு அனுப்ப முடியுமா? 1971-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஜெர்ரி பீ என்ற பள்ளி முதல்வர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: மலையைப் பள்ளிக்குக் கொண்டுவந்தால் என்ன? அரசு மானியத்தோடு 'புராஜெக்ட் அட்வெஞ்சர்' பிறந்தது. மரங்களுக்கிடையே கயிறுகள், ஏறவேண்டிய சுவர், பின்புறமாகச் சாய்ந்து தோழர்களின் கைகளில் விழும் பயிற்சி, சிலந்திவலை. கார்ல் ரோன்கி நூற்றுக்கணக்கான விளையாட்டுகளைத் தொகுத்தும் உருவாக்கியும் நூல்களாக்கினார். விரும்பாதவன் விலகி நிற்கலாம் என்ற நல்ல விதியையும் கொண்டுவந்தார். கூச்சமுள்ள பிள்ளைகள் அதனால் பிழைத்தார்கள். இதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை.

ஆனால் ஒன்று காணாமற்போனது. ஹானின் பையன் கரையில் விளக்கோடு நின்றபோது, கடலில் ஒருவன் இருந்தான். பயானின் குழுவில் பக்கத்தில் நின்றவன் உண்மையான போட்டியாளன். புல்தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, இது அமிலம் ஓடும் ஆறு என்று சொல்லும்போது அக்கரையில் எவருமில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலைபார்த்த அலுவலகத்தில் எங்களையும் ஒரு மலையடிவாரத்துக்கு அழைத்துச் சென்றார்கள். அமில ஆற்றை நாங்கள் ஆறு பேரும் கடந்தோம். கைதட்டினோம். இரண்டு வாரம் கழித்து அந்த ஆறு பேரில் இருவருக்கு வேலை இல்லை என்றானது. மற்ற நால்வரும், என்னையும் சேர்த்துத்தான், தலைகுனிந்து கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பலகையை அவர்கள் பக்கம் நீட்ட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. புல்தரையில் அவ்வளவு லாவகமாக நீட்டியவர்கள்தான்.

ஓரிடத்தில் கற்ற பண்பு இன்னோரிடத்துக்குப் பெயருமா என்ற கேள்வி பழையது. 1920-களின் இறுதியில் அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே ஆகிய இருவர் பள்ளிப் பிள்ளைகளின் நேர்மையை ஆராய்ந்தார்கள். வகுப்பில் காப்பியடிக்காதவன் விளையாட்டில் ஏமாற்றினான். விளையாட்டில் நேர்மையானவன் வீட்டில் பொய் சொன்னான். பண்பு சூழலைப் பொறுத்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. மறுபுறம், 1997-இல் ஜான் ஹாட்டியும் சகாக்களும் சாகசப் பயிற்சிகள் பற்றிய 96 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மிதமான பயன் உண்டு என்றும், வழக்கத்துக்கு மாறாகப் பயிற்சி முடிந்தபின்னும் அது தேயாமல் கூடுகிறது என்றும் கண்டார்கள். இருபது நாளைத் தாண்டிய நீண்ட பயிற்சிகளே கூடுதலாகப் பலன் தந்தன. அபெர்டோவியின் 26 நாள் நினைவுக்கு வருகிறது. அரைநாள் அமில ஆறும் நினைவுக்கு வருகிறது.

அபாயம் உண்மையாக இருக்க வேண்டும் என்று வாதிடுவது எளிது. அப்படி எழுத நினைக்கும்போதெல்லாம் 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் நிகழ்ந்தது குறுக்கே நிற்கிறது. ஒரு சாகச மையத்திலிருந்து சிறு படகுகளில் சென்ற பள்ளிப் பிள்ளைகளில் நால்வர் குளிர்ந்த கடலில் மடிந்தார்கள். 1995-இல் இத்தகைய மையங்களுக்கு உரிமம் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. ஹான் கேட்டது அபாயத்தை அல்ல, அக்கரையில் ஒரு மனிதனை. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள்.

*

இப்போது நம் தேர்வு மைதானங்களின் விடைகளைச் சொல்லிக்கொடுக்கும் தனிப்பயிற்சி நிலையங்கள் பல ஊர்களில் இருக்கின்றன. அதே கட்டைகள், அதே சாயம், அதே பலகை. கழியைப் பலகையோடு கட்டி ஒரு முனையில் ஆளை நிற்கவைத்து மறுமுனையை நீட்டும் உபாயம் மனப்பாடமாகவே கிடைக்கிறது. தலைமை தாங்குவதுபோல் உரக்கப் பேசவும் பயிற்சி உண்டு.

நண்பர் ஒருவர் இளமையில் பெங்களூருக்குப் போய்வந்தவர். பயிற்சி நிலையம் எதற்கும் போகாதவர். மார்பில் கட்டிய எண்ணைத் தவிர அங்கே அவருக்குப் பெயரில்லை. கடைசித் தடையில், மறுமுனை தூக்கிவிடாமல் பலகையின் மேல் அழுத்தி நின்றது அவர். ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். எல்லாரும் போனபின் தாம் எப்படிப் போவது என்று யோசிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஐந்தாம் நாள் வாசித்த பட்டியலில் அவருடைய எண் இல்லை. காரணம் சொல்லும் வழக்கமும் இல்லை. ஓரத்தில் நின்ற அதிகாரி, தாம் பலகையை அழுத்தி நின்றதைக் குறித்துக்கொண்டாரா, அக்கரை சேராததைக் குறித்துக்கொண்டாரா என்று முப்பது ஆண்டு கழித்தும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் அதிகாரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்றும் சில சமயம் சொல்வார்.